கோத்தகிரியில் ரோஸ்மேரி ஓரவேலி: 12 செடியில் 7 செத்துவிட்டது, எங்கே தவறு?

மலைவீடு | கோத்தகிரி | 12 மே 2022

அனைவருக்கும் வணக்கம். அப்பா போன பிறகு அம்மாவோடு இருக்கலாம் என்று ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் கேட்டிலிருந்து திண்ணை வரை 60 அடி நடைபாதை. இரண்டு பக்கமும் அப்பா வைத்த துரந்தா வேலி இருந்தது. அது வெறும் கட்டையும் முள்ளுமாகிவிட்டதால் போன வருடம் வேரோடு எடுத்துவிட்டோம்.

அந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வேலி வேண்டும். வருடம் முழுக்க இலை இருக்க வேண்டும், உரசினால் மணக்க வேண்டும். காரணம் அம்மா. பார்வை மிகவும் மங்கிவிட்டது. கைத்தடியோடு காலையில் கேட் வரை போய்வருவார். பாதை ஓரம் எது என்று வாசனையிலேயே அவருக்குத் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

மார்ச்சில் ஒரு நர்சரியில் 12 ரோஸ்மேரி வாங்கிவந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு அடி குழி எடுத்து, ஒரு சட்டி தொழு உரம் போட்டு நட்டேன். தினமும் காலையில் தண்ணீர். மூன்றாம் வாரம் நுனி துவண்டது. தண்ணீர் போதவில்லை போல என்று சாயங்காலமும் ஊற்றினேன். இப்போது 7 செடி போய்விட்டது. இலை சாம்பல் நிறமாகி, தொட்டாலே உதிர்கிறது. மிச்சம் 5.

ரோஸ்மேரி இங்கே வேலியாக வருமா? இல்லை லாவெண்டருக்கு மாறிவிடட்டுமா?

கட்டபெட்டுக்காரன் | நீலகிரி | 12 மே 2022

அக்கா, செத்த செடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒன்றைப் பிடுங்கி, வேரைக் கழுவிப் பார்த்து என்ன நிறம் என்று சொல்லுங்கள். அப்புறம் அந்த இடம் முன்னால் தேயிலை இருந்த மண்ணா?

மலைவீடு | 13 மே 2022

ஆமாம், தாத்தா காலத்தில் முழுக்கத் தேயிலைதான்.

இன்று காலையில் ஒன்றைப் பிடுங்கினேன். பிடுங்க வேண்டிய அவசியமே இல்லை, இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. நர்சரிப் பையில் இருந்த தேங்காய் நார் உருண்டை அப்படியே கெட்டியாக இருக்கிறது. அதைத் தாண்டி ஒரு வேர்கூட வெளியே போகவில்லை. நார் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற ஈரம். வேர்கள் காப்பிப்பொடி நிறம். இரண்டு விரலால் உருவினால் மேல்தோல் கழன்று வந்து, உள்ளே நூல் மாதிரி ஒன்றுதான் மிஞ்சுகிறது. வாசனை சாக்கடை வாசனை.

குழியில் கையை விட்டால் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. மழை பெய்து நான்கு நாளாகிறது.

ஊட்டி நாற்றங்கால் | உதகை | 13 மே 2022

மலைவீடு அம்மா, உங்கள் செடி தாகத்தில் சாகவில்லை, தண்ணீரில் மூழ்கித்தான் செத்திருக்கிறது. வேர் அழுகினாலும் செடி துவளும், காய்ந்தாலும் துவளும். மேலே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். அதனால்தான் துவண்டதும் எல்லோரும் இன்னும் ஒரு குடம் ஊற்றிவிடுகிறார்கள். நான் மூலிகை நாற்றங்காலில் 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். ரோஸ்மேரி வெயிலில் செத்துப் பார்த்ததைவிடப் பாசத்தில் செத்துப் பார்த்ததே அதிகம்.

இங்கே வருமா என்று கேட்டீர்கள். தாராளமாக வரும். 900 முதல் 2,500 மீட்டர் உயரம் வரை வருகிற செடி. ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஊட்டி (ஆர்.எம்.) 1 என்கிற ரகத்தை நீலகிரியில் எண்ணெய்க்காகவே பயிர் செய்கிறார்கள். நிமிர்ந்து வளருகிற எந்த ரகமும் வேலிக்கு ஆகும். தரையில் படர்ந்து தொங்குகிற ரகம் ஒன்று உண்டு. கல்சுவர் மேலே வைத்தால் அருமையாக இருக்கும், வேலிக்கு மட்டும் ஆகாது. வாங்கும்போது கிளையைப் பாருங்கள்.

அது மத்தியதரைக் கடலோரத்துப் பாறைச் சரிவில் முளைக்கிற செடி. ஒரு இலையைக் கிள்ளித் திருப்பிப் பாருங்கள். இரண்டு ஓரமும் கீழ்ப்பக்கம் சுருண்டிருக்கும், நடுவில் வெள்ளை வெல்வெட் மாதிரி இருக்கும். உள்ளே இருக்கிற ஈரம் காற்றில் போகாமல் காப்பாற்றிக்கொள்வதற்கு வைத்த ஏற்பாடு அது. அப்படிச் சிக்கனமாக வாழப் பழகிய செடிக்கு தினம் இரண்டு வேளை தண்ணீர் என்றால் எப்படித் தாங்கும்?

உங்கள் செம்மண்ணில் குழி எடுத்தால் அது மண்சட்டி மாதிரிதான். சுற்றிலும் களி, உள்ளே மட்டும் பொலபொலவென்று உரம். சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அதற்குள்தான் வந்து நிற்கும். ஆகவே குழி வேண்டாம், மேடு போடுங்கள். பாதை ஓரமாக ஒரு அடி உயரம், ஒன்றரை அடி அகலத்துக்கு வரப்பு மாதிரி மண்ணை அணைத்து, அதில் மூன்றில் ஒரு பங்கு பருமணலோ சிப்ஸ் ஜல்லியோ கலந்துவிடுங்கள். செடி அந்த வரப்பின் உச்சியில் இருக்க வேண்டும். தொழு உரம் ஒரு கைப்பிடி போதும். உரம் அதிகமானால் பச்சையாகத் தளதளவென்று வளர்ந்து சாய்ந்துவிடும், வாசனையும் குறையும். வாசனைக்காக வைக்கிற வேலிக்கு அது பெரிய நஷ்டம்.

இரண்டாவது புளிப்பு மண். pH என்பது புளிப்பின் அளவு, எண் குறைந்தால் புளிப்பு அதிகம். தேயிலை pH 4.5 முதல் 5.5 வரை உள்ள மண்ணில் சந்தோஷமாக நிற்கும். ரோஸ்மேரிக்கு 5.5 முதல் 7 வரை வேண்டும். மண் பரிசோதனைக்குக் கொடுத்து, புளிப்பு குறைய அவர்கள் சொல்கிற அளவுக்கு டாலமைட் சுண்ணாம்பு போடுங்கள். நடுவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே போட்டுக் கொத்திவிட வேண்டும், உடனே வேலை செய்யாது.

மூன்றாவது, 80 செடியைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். 60 அடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்று வீதம் ஒரு பக்கத்துக்கு 40, இரண்டுக்கும் 80. போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, வைத்து நீங்களே உண்டாக்கிக்கொள்ளலாம். அது எப்படி என்று வேண்டுமானால் தனியாக எழுதுகிறேன்.

மலைவீடு | 14 மே 2022

ஐயா, படித்ததும் முதலில் வருத்தமாக இருந்தது, அப்புறம் நிம்மதியாகிவிட்டது. மிச்சம் 5 செடியையும் இன்றே எடுத்து, நார் உருண்டையைப் பிரித்துவிட்டு, மணல் கலந்த தொட்டியில் வைத்துவிட்டேன். போத்து முறையைத் தயவுசெய்து எழுதுங்கள்.

கட்டபெட்டுக்காரன் | 14 மே 2022

5 குட்டிச் செடியில் 80 போத்து கிடைக்காது அக்கா. எங்கள் வீட்டுப் பின்னால் பெரிய ரோஸ்மேரி ஒன்று இருக்கிறது, இடுப்பு உயரம். கல்சுவர் ஓரம், யாரும் தண்ணீர் விட்டதே இல்லை. மழை விட்ட பிறகு வந்து வெட்டிக்கொள்ளுங்கள்.

ஊட்டி நாற்றங்கால் | 15 மே 2022

போத்துக்கு ரொம்பப் பச்சையான குருத்தும் வேண்டாம், பழுப்பான கட்டையும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில், வளைத்தால் வளைந்து, விட்டால் நிமிருகிற பக்குவத்தில் நுனிக்கிளை. நீளம் 10 முதல் 15 செ.மீ. பூ இருக்கிற கிளையை எடுக்காதீர்கள்.

அடியில் மூன்றில் இரண்டு பங்கு இலையைக் கீழ்நோக்கி உருவாமல் மேல்நோக்கிக் கிள்ளி எடுங்கள். கீழ்நோக்கி இழுத்தால் பட்டை நார் நாராக உரியும், அந்தக் காயத்தில்தான் அழுகல் ஏறும். கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் ஒரே வெட்டு. பாதி மணல், பாதி நார்க்கழிவு நிரப்பிய பையில் ஒரு குச்சியால் துளை போட்டு, அதற்குள் வைத்து அழுத்துங்கள். போத்தையே ஆணி மாதிரி குத்தினால் நுனி நசுங்கிவிடும்.

நிழல், நல்ல காற்றோட்டம், மண் காய்ந்த பிறகு தெளிப்பு. நான்கிலிருந்து எட்டு வாரத்தில் வேர் பிடிக்கும். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். நுனியில் புதுக்குருத்து வந்தால் அதுவே அடையாளம்.

வேர்விட்டு நான்கு அங்குலம் வளர்ந்ததும் எல்லாச் செடியின் நுனியையும் ஒருமுறை கிள்ளிவிடுங்கள். மனசு கேட்காது, ஆனால் கிள்ள வேண்டும். அடியிலிருந்தே கிளை பிரிந்தால்தான் வேலி. கிள்ளாமல் விட்டால் ஒற்றைக் குச்சியாக ஏறும், அடியில் வெறுமையாக நிற்கும்.

கிளுவைவேலி | லண்டன் | 16 மே 2022

மலைவீடு, லாவெண்டர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் இங்கே இரண்டும் வைத்திருக்கிறேன்.

இங்கிலிஷ் லாவெண்டருக்குக் குளிர்காலம் ஒன்று வேண்டும், கோடை காய்ந்திருக்க வேண்டும். உங்கள் ஊரில் கோடை முடிய மழை, மழை முடிய மூடுபனி. இலை ஈரத்தோடே நின்றால் நடுவில் கறுத்துப் பிளந்துவிடும். பல்லுப் பல்லாய் இலை விளிம்பு உள்ள லாவெண்டர் ஒன்று இருக்கிறது, அது குளிர் கேட்காது, மிதமான இடத்தில் பூத்துக்கொண்டே இருக்கும். ஒன்றிரண்டு ஆசைக்கு வைக்கலாம். ஆனால் ஒரு வேலி முழுக்க என்றால் ரோஸ்மேரியைத்தான் சொல்லுவேன்.

இங்கே ஆட்கள் நெடுங்காலமாகப் பாதை ஓரத்துக்கு பொக்ஸ் (box) என்ற புதர்ச்செடிதான் வைத்தார்கள். 2007-இல் பொக்ஸ் அந்துப்பூச்சி இந்த நாட்டுக்குள் வந்தது. அதன் புழு ஒரு வேலியைச் சில நாளில் மொட்டையாக்கிவிடும். என் முன்வீட்டுக்காரரின் வேலி அப்படித்தான் போனது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ரோஸ்மேரி, லாவெண்டர், சாம்பல் இலைச் சாண்டோலினா என்று மாறிவிட்டார்கள். நான் வைத்தது மிஸ் ஜெசொப்ஸ் அப்ரைட் என்ற ரகம், நல்ல நேராக நிற்கும். பத்து வருடமாகிறது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவைச் சுற்றி கிளுவங்கதியால் வேலி. கதியாலை வெட்டி ஊன்றினால் அந்தக் கட்டையே துளிர்க்கும், அதை வருடா வருடம் அப்பு வெட்டுவார். அந்த நினைப்பில் நான் முதல் வைத்த ரோஸ்மேரி வேலியையும் வடிவாய்த் துளிர்க்கட்டும் என்று கட்டை வரை வெட்டினேன். ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. இலை இல்லாத கட்டையில் வெட்டினால் ரோஸ்மேரி அநேகமாகத் துளிர்க்காது. இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவைத் தோட்டம் | கோயம்புத்தூர் | 17 மே 2022

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சமவெளியில் இருக்கிற எங்களுக்கும் இந்த மாதிரி ஒரு வாசனை வேலி வேண்டும். கோவையில் ரோஸ்மேரி தொட்டியில் வருகிறது, தரையில் வைத்தால் ஐப்பசி மழையில் போய்விடுகிறது.

மாடிச்செடி | சென்னை | 17 மே 2022

காமினி வையுங்கள். காட்டுக் கறிவேப்பிலை என்றும் சொல்வார்கள். பச்சை குறையவே குறையாது, வெட்ட வெட்ட அடர்த்தியாகும், மூன்றடிக்குள் நிறுத்தலாம். மழை பெய்து ஓய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து, தெருமுனை வரை மணக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. எலுமிச்சையைத் தாக்குகிற சிலிட் பூச்சி காமினியிலும் தங்கும். அந்தப் பூச்சிதான் எலுமிச்சை வகைகளில் கிரீனிங் நோயைப் பரப்புகிறது. வீட்டில் எலுமிச்சை, சாத்துக்குடி இருந்தால் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கோவைத் தோட்டம் | 17 மே 2022

எலுமிச்சை இரண்டு மரம் இருக்கிறதே. அப்போ மருதாணிதான்.

மாடிச்செடி | 18 மே 2022

மருதாணி நல்ல வேலி, பூவும் மணக்கும். கடும் வறட்சியில் மட்டும் இலை கொட்டும், கொஞ்சம் தண்ணீர் காட்டினால் நிற்கும். பாதை ஓரத்தில் கணுக்கால் உயரத்துக்குப் போதும் என்றால் கற்பூரவள்ளியை வரிசையாக வையுங்கள். வேலி என்று சொல்ல முடியாது, ஆனால் கால் பட்டால் மணக்கும்.

கட்டபெட்டுக்காரன் | 20 மே 2022

லண்டன் அண்ணா சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகம். நாங்கள் தேயிலையை நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து செய்கிறோம். முழங்கால் உயரத்துக்கு வெறும் கட்டையாக வெட்டிவிட்டாலும் சில மாதத்தில் துளிர் வந்துவிடும். ரோஸ்மேரியும் கட்டைச்செடிதானே? வயதான செடியை ஒருமுறை நன்றாக இறக்கி வெட்டினால் அடியிலிருந்து புதுசாக வராதா? என் செடி அடியில் மொட்டையாக இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

கிளுவைவேலி | 20 மே 2022

தம்பி, தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். அந்தச் செடியை நம்பித்தான் ஒரு வேலியே இருக்கிறது.

ஊட்டி நாற்றங்கால் | 21 மே 2022

நல்ல கேள்வி. நீலகிரியில் இதை யாராவது கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் இங்கே கத்தி பிடிக்கிற ஒவ்வொரு கையும் தேயிலையில் பழகிய கை.

தேயிலையின் பழைய கட்டையில், பட்டைக்கு அடியில் உறங்குமொட்டு நிறைய இருக்கும். வேரில் மாவுச்சத்து சேர்த்து வைத்திருக்கும். கவாத்துக்கு முன்னால் வேரை வெட்டி அயோடின் போட்டு, கறுக்கிறதா என்று பார்க்கிற வழக்கம் எதற்கு? அந்தச் சேமிப்பு இருந்தால்தான் இலையே இல்லாமல் செடி பிழைத்து மறுபடி துளிர்க்கும். ரோஸ்மேரி அப்படிப்பட்ட செடி இல்லை. பட்டை முற்றிய கட்டையில் விழிக்கிற மொட்டு மிகக் குறைவு. பச்சை இலை இருக்கிற இடத்துக்குள் வெட்டினால் அதற்குக் கீழே பிரியும். பச்சையைத் தாண்டிக் கீழே போனால் அந்தக் கிளை அவ்வளவுதான்.

எனவே ரோஸ்மேரி வேலிக்குக் கவாத்து என்ற சொல்லே வேண்டாம், முடி திருத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஒரு அடி வெட்டாமல், மூன்று நான்கு முறை இரண்டு விரல் அளவு. பூத்து முடிந்ததும் ஒருமுறை கட்டாயம். பெருமழைக்குச் சற்று முன்னாலும் உறைபனி மாதங்களிலும் வெட்டாதீர்கள், புதுக்குருத்து கருகிவிடும்.

வடிவமும் முக்கியம். பெட்டி மாதிரி நேராக வெட்டினால் மேல்பகுதி அகலமாகி அடிக்கு வெயில் போகாது, அடி மொட்டையாகிவிடும். அடி அகலமாகவும் மேலே ஒடுங்கியும் இருக்கட்டும், வைக்கோல் போர் சரிவு மாதிரி. கட்டபெட்டுக்காரரே, உங்கள் செடியின் அடிப்பகுதி இனித் துளிர்க்காது. கீழ்க்கிளையை வளைத்து மண்ணில் பதியன் போட்டுப் புதுசாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டபெட்டுக்காரன் | 21 மே 2022

புரிந்தது ஐயா. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

மலைவீடு | 27 நவம்பர் 2022

தகவல் சொல்ல நேரமாகிவிட்டது, மன்னிக்கவும். செப்டம்பரில் கட்டபெட்டு அண்ணன் வீட்டில் போய் 120 போத்து வெட்டிவந்தேன். அவர் அம்மா டீயும் வர்க்கியும் கொடுத்து, ஒரு பை மலைப்பூண்டும் கட்டிக்கொடுத்தார். 120-இல் 91 பிழைத்தது. செத்த 29-இல் முக்கால்வாசி, கூரைத் தண்ணீர் சொட்டுகிற ஓரத்தில் வைத்தவை. ஐப்பசி மழை இந்தப் பக்கம் விடாமல் கொட்டியது, பைகளைத் திண்ணைக்குள் ஏற்றிவிட்டேன்.

மண் பரிசோதனையில் pH 4.9 வந்தது. டாலமைட் போட்டுக் கொத்தியாகிவிட்டது. வரப்பும் தயார்.

நுனி கிள்ளும்போது உண்மையிலேயே மனசு கேட்கவில்லை. அம்மாதான் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பையையும் தடவிப் பார்த்துக் கிள்ளினார். விரலை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டே 91-ஐயும் முடித்துவிட்டார்.

ஊட்டி நாற்றங்கால் | 28 நவம்பர் 2022

120-க்கு 91 நல்ல கணக்கு. இப்போது நடாதீர்கள். பனிக்காலம் திண்ணையிலேயே போகட்டும். ஜூன், ஜூலையில் நடலாம்.

தைலக்காடு | குன்னூர் | 3 டிசம்பர் 2022

ரோஸ்மேரித் தண்ணீர் தலையில் தேய்த்தால் முடி வளரும் என்கிறார்களே, இந்தப் போத்துச் செடியிலிருந்தே இலை எடுக்கலாமா?

ஊட்டி நாற்றங்கால் | 3 டிசம்பர் 2022

முதல் வருடம் தயவுசெய்து கை வைக்காதீர்கள். வயலில் நட்டாலும் முதல் அறுவடைக்கு ஏழெட்டு மாதம் காத்திருப்போம். அப்புறம் திருத்தும்போது விழுகிற இலையே சமையலுக்கும் தலைக்கும் போதும் போதும் என்கிற அளவுக்குக் கிடைக்கும்.

மலைவீடு | 2 ஜூலை 2023

நட்டாகிவிட்டது! 80 வரிசையில், 11 தொட்டியில் காவலுக்கு. தண்டைச் சுற்றி இலைச் சருகு போடாமல் சிப்ஸ் ஜல்லி போட்டிருக்கிறேன். நட்ட அன்று ஒருமுறை தண்ணீர், அப்புறம் மழை பார்த்துக்கொண்டது.

கிளுவைவேலி | 2 ஜூலை 2023

வாழ்த்துகள். இங்கே ரோஸ்மேரிக்கு ஒரு வண்டு வரும், உலோகப் பச்சையில் ஊதாக் கோடு போட்டு, நகை மாதிரி இருக்கும். தெற்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. நான் செடிக்கு அடியில் பத்திரிகைத் தாளை விரித்து உலுக்கி எடுத்துவிடுகிறேன், மருந்து அடிப்பதில்லை. உங்கள் பக்கம் என்ன பூச்சி வருகிறது?

மலைவீடு | 9 ஜூலை 2023

இதுவரை வண்டு எதுவும் பார்க்கவில்லை அண்ணா. தொட்டியில் நெருக்கி வைத்த செடிகளில் மட்டும் இலை மேல் வெள்ளையாகச் சாம்பல் பூத்தது. இடைவெளி விட்டு வெயிலுக்கு நகர்த்தியதும் நின்றுவிட்டது.

மலைவீடு | 18 ஜனவரி 2024

ஒரு விபத்து. பொங்கலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான்கு நாள் ஈரோடு போயிருந்தேன். தோட்டத்துக்கு வாரம் ஒருநாள் வருகிற அண்ணன், நாங்கள் இல்லாதபோது ஒரு வேலையாவது முடித்து வைப்போம் என்று நல்ல மனசோடு கேட் பக்கத்து 9 செடியைக் கவாத்து செய்துவிட்டார். முப்பது வருடம் தேயிலையில் இருந்தவர். வெட்டு ஒவ்வொன்றும் அவ்வளவு சுத்தம், சரிவாக, பட்டை கிழியாமல். தரையிலிருந்து ஒரு சாண். ஒரு இலைகூட இல்லை.

அவரிடம் கோபப்பட முடியவில்லை. நான்தான் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். ஏதாவது வழி உண்டா?

கட்டபெட்டுக்காரன் | 18 ஜனவரி 2024

ஐயோ அக்கா. 2022-இல் நான் கேட்ட அதே கேள்வியை அவர் கையால் செய்துவிட்டார்.

ஊட்டி நாற்றங்கால் | 18 ஜனவரி 2024

அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். ஒன்றரை வயதுச் செடிதான், கட்டை இன்னும் முழுதாக முற்றியிருக்காது. நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் ஏப்ரல் வரை விடுங்கள். தண்ணீர் கூட்ட வேண்டாம். இலை இல்லாத செடி தண்ணீரே குடிக்காது, ஊற்றினால் வேர் அழுகும். தொட்டியில் இருக்கிற 11 இதற்குத்தான்.

மலைவீடு | 30 ஏப்ரல் 2024

9-இல் 2 மட்டும் துளிர்த்தது, அதுவும் ஒரு பக்கமாக. 9 செடியையும் மாற்றிவிட்டேன். தோட்டக்கார அண்ணனே மண்ணை மாற்றி, வரப்பைச் சரி செய்து நட்டுக் கொடுத்தார். இப்போது திருத்துவதற்கு அவர்தான் வருகிறார். முதலில் பச்சை எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அதற்கு மேலே இரண்டு விரல் விட்டுத்தான் கத்தரியை வைக்கிறார்.

கோவைத் தோட்டம் | 1 மே 2024

எங்கள் மருதாணி வேலியும் மூன்றடி வந்துவிட்டது. உங்கள் இழையைப் படித்துத்தான் அடி அகலமாக வெட்டினேன்.

மலைவீடு | 6 அக்டோபர் 2024

வேலி மூடிவிட்டது. இப்போது எங்கே ஒரு செடி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று தெரியவில்லை, இரண்டு இடம் தவிர.

ஒன்று, தோட்டக் குழாய் பக்கத்தில். வாஷர் தேய்ந்து ராத்திரியெல்லாம் சொட்டியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. சரியாக அந்த ஈரம் எட்டுகிற மூன்று செடிதான் போயிருக்கிறது. நான்காவது செடி ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கிறது. குழாயை மாற்றிவிட்டேன். காவலுக்கு வைத்ததில் மிச்சம் 2 இருக்கிறது, இன்னொன்றுக்குப் பக்கத்துக் கிளையைப் பதியன் போட்டிருக்கிறேன்.

இரண்டு, கேட்டுக்கு உள்பக்கம். போன மாதம் ராத்திரி காட்டுமாடு மூன்று உள்ளே வந்துவிட்டது. அம்மா வைத்திருந்த பீன்ஸை முழுக்கத் தின்றுவிட்டுப் போனது. ரோஸ்மேரியை ஒரு வாய்கூடக் கடிக்கவில்லை, ஆனால் வேலி மேலேயே நடந்து போயிருக்கிறது. இரண்டு செடி பிளந்து கிடந்தது. பிளந்த கிளையை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குச்சி ஊன்றிக் கட்டியிருக்கிறேன். ஐயா, இது தேறுமா, மாற்றவேண்டுமா?

வெளிர்நீலப் பூ நிறைய வந்திருக்கிறது, பதினோரு மணி வெயிலுக்குத் தேனீ இரைச்சல் திண்ணை வரை கேட்கிறது. அம்மா தினமும் போகும்போது இடது கையை வேலி மேல் வைத்துக்கொண்டே போகிறார். குழாய் பக்கத்தில் அந்த மூன்று செடி இல்லாத இடம் வந்ததும் நின்றுவிட்டு, "இங்கே எப்போ வைக்கப்போறே?" என்று கேட்கிறார்.

ஊட்டி நாற்றங்கால் | 6 அக்டோபர் 2024

கட்டின இடத்தில் பச்சை இலை இருந்தால் தேறும், விடுங்கள். குழாய் பக்கம் மட்டும் இந்த மழை முடியட்டும். மண் நன்றாக ஆறிய பிறகு, அழுகின வேரோடு இருக்கிற பழைய மண்ணை ஒரு அடிக்கு எடுத்துவிட்டு, புது மண்ணும் ஜல்லியும் போட்டு வரும் ஜூனில் வையுங்கள். அம்மாவிடம் ஜூன் என்று சொல்லுங்கள்.